தண்ணீரை நிறுத்தாதீர்கள்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பாப்பாவுக்கு விடியற்காலையிலும் வயிற்றால் போயிற்று. உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் கரைத்து, மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி மெதுவாக.

உங்கள் அக்கா வந்ததும், "தண்ணி குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும், நிறுத்துடா" என்று ஆரம்பிப்பார். நேற்று மாதிரித் தலையாட்டாதீர்கள். போன தண்ணீரைத் திரும்ப ஊற்றாவிட்டால் பிள்ளை வற்றிவிடும். இந்தக் கரைசலில் இருக்கும் சர்க்கரைதான் உப்பைக் கைபிடித்துக் குடல் சுவர் வழியே உள்ளே கூட்டிப்போகிறது. அவை போன வழியிலேயே தண்ணீரும் போகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள்! இதை அக்காவிடமும் சொல்லுங்கள். "உன் பொண்டாட்டி பெரிய டாக்டரு" என்றால் என்றுவிட்டுப் போகட்டும்.

கண் குழிந்தாலோ, சிறுநீர் போகாமல் துவண்டு கிடந்தாலோ, எனக்குப் போன் போட்டுக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். வெளியே கிளம்பினால் வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: அக்கா கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், நானே போய்க் காலில் விழுந்து சமாதானம் செய்கிறேன். பாப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் காலில் விழுவது?