கால் வலிக்கு வந்த திருத்தம்

அஸ்ஸலாமு அலைக்கும் ஜுலைகா. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

புதன்கிழமை கிள்ளான் கிடங்கில் லோரியிலிருந்து விழுந்துவிட்டேன். பயப்படாதே, ரெண்டு காலும் வீக்கம்தான். இங்கிலீஷ் பழகணும், இனி அதிலேயே மெசேஜ் போடுங்க என்றவள் நீ. 'மை லெக்ஸ் இஸ் பெயினிங்' என்று போட்டேன். 'இஸ் இல்லை, ஆர். பன்மைன்னு எத்தனை தடவை சொல்றது?' என்று பதில் போட்டாய். அதோடு சரி.

எங்கள் சூப்பர்வைசர்கூட திட்டிக்கொண்டேதான் கிளினிக்குக் கூட்டிப்போனான். இங்கிலீஷ் டீச்சரம்மாவுக்கு அந்த மனசுகூட வரவில்லை.

இதைக் கொண்டுவரும் ரஹீம் பாய் மலேசியா திரும்பும்போது அவரிடமே உளுந்துத் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்பு. அவர் கிளம்பி வாசலில் நிற்கிறார். இந்தக் கடிதத்திலும் பிழை இருக்கும். சிவப்பு மையில் திருத்திக்கொள், எனக்கென்ன. திருத்தி முடித்த பிறகாவது போன் போட்டு, ரொம்ப வலிக்குதா என்று கேள். தமிழில் கேள்.

ஜாபர் அலி