தம்பி மகளுக்கு என் பெயர் வேண்டாம்

அனுப்புநர்:
பவகான் துமாசியான்,
பாலாடைக்கட்டி ஆலைத் தொழிலாளி,
வெரின் அக்பியூர் கிராமம்,
செவான் ஏரிக்கரை, ஆர்மீனியா.

பெறுநர்:
உயர்திரு பிறப்புப் பதிவு அலுவலர் அவர்கள்,
மாவட்டப் பதிவகம்.

பொருள்: என் தம்பியின் பெண் குழந்தைக்கு 'பவகான்' என்று பெயர் பதிவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பவகான் என்றால் 'போதும்' என்று பொருள். தாங்கள் அறிந்ததே. பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில், இனியாவது ஆண் பிறக்கட்டும் என்று கடவுளுக்குத் தெரிவிக்க வைக்கும் பெயர் அது. என் அக்காமார் வர்தனுஷ், ஷுஷான், மனுஷக். ரோஜா, லில்லி, ஊதாப்பூ. என் முறை வந்தபோது எங்கள் வீட்டில் பூ தீர்ந்துவிட்டது.

2. எனக்குப் பின் தம்பி ஜிராயிர் பிறந்தான். ஆடு வெட்டினார்கள். "பேரு வேலை செஞ்சிடுச்சுய்யா!" என்று ஊரே என் தந்தையின் முதுகைத் தட்டியது. பள்ளியில் ஆசிரியர் என் பெயரை வாசித்தால், "போதும், உட்காரு!" என்று பையன்கள் கத்துவார்கள். கல்யாணப் பந்தியில் எவராவது கோப்பையைக் கையால் மூடி அந்தச் சொல்லைச் சொன்னால், இன்றைக்கும் நான் திரும்பிப் பார்க்கிறேன். வெட்கக்கேடு ஐயா.

3. போன வாரம் ஜிராயிருக்கு மூன்றாவதும் பெண் பிறந்தது. இனிப்போடு என் வீட்டுக்கு வந்தான். "உன் பேருதான்க்கா வைக்கப்போறேன். ராசியான பேரு. நான் பொறந்ததே அதாலதானே!" என்றான். எனக்கு மரியாதை செய்வதாகவே நினைத்துச் சொன்னான், அதுதான் வயிற்றெரிச்சல். இனிப்பைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் தொங்கிப் போயிற்று அவனுக்கு. அவன் மனைவி ஹிரிப்சிமே குழந்தையை 'அர்பி' என்று கூப்பிடுகிறாள். சூரியன் என்று அர்த்தம். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. தங்கள் எழுத்தரிடம் முறையிட்டேன். "உங்களுக்குத்தான் தம்பி பொறந்துட்டானே, பின்ன என்னம்மா குறை?" என்று சிரித்தார். குறை இதுதான்: நாற்பது வருடமாக என்னைக் கூப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் என்னை வேண்டாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெற்ற தாய் உட்பட.

ஆகவே, என் தம்பி நேரில் வந்து கேட்டாலும் அப்பெயரைப் பதியாமல், தாயையும் அழைத்து விசாரித்து, அவள் சொல்லும் பெயரைப் பதிந்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். குழந்தைக்கு இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை. அந்தச் சொல் அவள் காதில் இதுவரை விழவில்லை. தாங்கள் முத்திரை குத்திவிட்டால், சாகும்வரை விழும்.

இடம்: வெரின் அக்பியூர்
நாள்: 12.11.1996

தங்கள் நடவடிக்கைக்காகக் காத்திருக்கும்,
பவகான் துமாசியான்
(கையொப்பம்)