உன் பெயரிலேயே வரட்டும்

காஜா பேராங், மலாக்கா
15.9.1957

அன்புத் தம்பி தியாகுவுக்கு,

அக்கா சிவகாமி எழுதுவது. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம். என் மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகளை எங்கள் வீட்டு வரிசையில் யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை, மழையில் நனைந்து தொங்குகின்றன.

இங்கு மலாய் பேசும் மலாக்கா செட்டிகள் போகியன்று முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சுவைப் பற்றி நான் எழுதிய கட்டுரை உனக்குத் தெரியும். செத்தவர்களில் யாருக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவரான பூங்காவனம் அக்கா என்னைச் சமையல்கட்டுக்குள் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். ரா. சிவகாமி என்று போட்டு அந்த இங்கிலீஷ் சஞ்சிகைக்கு அனுப்பினேன். அது ஆண் பெயரா பெண் பெயரா என்று வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்?

‘ஐயா’ என்று தொடங்கிப் பதில் வந்தது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொன்ன அறிஞர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார். ஒரே குறை, சமையல்கட்டுச் சங்கதிகளை எழுதியவர் தம் மனைவியிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டுமாம். நானும் உன் அத்தானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டிருக்கலாம். நான் பெண்தான், கூடவே உட்கார்ந்து கேட்டு எழுதியதுதான் என்று பதில் போட்டேன். என் தம்பி சிங்கப்பூரில் விரிவுரையாளன், வேண்டுமானால் விசாரியுங்கள் என்றும் எழுதித் தொலைத்தேன்.

நேற்று மறுபடியும் கடிதம். அதே அறிஞருக்கு இப்போது அதெல்லாம் அடுப்பங்கரை வம்பாகத் தெரிகிறதாம். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை, தம்பி. உன் பெயரைப் போட்டால் அச்சிடுவார்களாம். எனக்கு அடியில் நன்றி சொல்வார்களாம்.

அத்தான் விட்டுத் தள்ளு என்கிறார். எப்படி விடுவது? பூங்காவனம் அக்கா சந்தையில் பார்க்கும்போதெல்லாம், ‘புக்கு சுடா கெலுவார்?’ என்று மலாயில் கேட்கிறார். புத்தகம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டாமா?

ஆகவே உன் பெயரிலேயே வரட்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. உள்ளே இருக்கும் அந்தப் பெண்களின் பெயர்களை மட்டும் வெட்ட விடாதே. உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசைதான். எழுத வரவில்லை.

உனக்கும் மல்லிகாவுக்கும் பெண் பிறந்த தந்தி கிடைத்தது. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தேன். குழந்தை நோய்நொடியில்லாமல் வளரட்டும், நிறையப் படிக்கட்டும். ஒருநாள் உன் அலமாரியிலிருந்து அந்தச் சஞ்சிகையை எடுத்து, இது அப்பா எழுதியதா என்று கேட்பாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடு.

என்றும் உன் நலம் வேண்டும்
அக்கா சிவகாமி