தலையில் வைக்க முடியாத பூ

கும்மிடிப்பூண்டி
3-2-1974

என் அன்பு மாமாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் ஒரு குறையும் இல்லாமல், புருஷனும் பக்கத்தில் இல்லாமல், சுகமாக இருக்கும் ஞானம்மா எழுதுவது.

மண்டபத்திலிருந்து நீ லாரிக்கார சடையப்பனிடம் கொடுத்தனுப்பிய கடல் சாமந்தி நேற்று வந்து சேர்ந்தது. கூடவே இரண்டு கேன் கடல் தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன் நீ செய்து வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டியில் இதுவரை அரிசிதான் கிடந்தது. அதைக் கழுவி, கல்லோடு பூவை உள்ளே விட்டேன். மற்றவள் புருஷன் மல்லிகை வாங்கி வருகிறான். நீ அனுப்பியதோ தலையில் வைக்க முடியாத பூ. அதுவும் சுருங்கிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஞானம்மா, உன் ஊட்டுக்காரரு கத்திரிக்காய வதக்கி அனுப்பிகிறாரு?" என்கிறாள்.

இது உயிரோடு இருக்கிறதா, செத்ததா? எப்படித் தெரிந்துகொள்வது? எப்போதும் போல கார்டில் "சுகம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடாதே.

உன் ஞானம்மா

மண்டபம்
8-2-1974

அன்பு ஞானத்துக்கு,

பயப்படாதே. புது இடத்தில் இரண்டு நாள் சுருங்கித்தான் இருக்கும். அது நிஜப் பூ இல்லை, பூ மாதிரி இருக்கும் கடல் பிராணி. அடிப்பாகம் அதற்குக் கால். அது கல்லைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் இருப்பது வாய். இறுக்கி மூடியிருந்தால் நல்லது, பிளந்து தொங்கினால் ஆபத்து. இதழை விரலால் மெல்லத் தொடு. கோந்து மாதிரி ஒட்டினால் பலமாக இருக்கிறது. தண்ணீர் நாறினால் முடிந்தது. காலையும் சாயந்திரமும் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்று, மூச்சு விடட்டும்.

இங்கே மீன் காட்சிசாலையில் தண்ணீர் மாற்ற நான் ஒருத்தன்தான். இந்த வருஷமும் லீவு கிடைக்காது போலிருக்கிறது. வாராவாரம் பூவின் கால், வாய், நிறம் எல்லாம் எழுது.

ஆசீர்வாதம்

கும்மிடிப்பூண்டி
15-2-1974

மாமாவுக்கு,

பூ விரிந்துவிட்டது! தொட்டேன். விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. என்னை விடாமல் பிடிக்க இந்த வீட்டில் ஒன்றாவது இருக்கிறதே.

மூன்று வருஷமாக நீ எழுதிய கார்டையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு இன்லண்டு லெட்டர் அளவு வராது. அதன் காலைக் கேட்டாய், வாயைக் கேட்டாய். ரைஸ் மில்லில் மூட்டை சரிந்து என் கால் வீங்கியதைக் கேட்டாயா? நான் எழுதினால்தானே கேட்பாய். சரி, இப்போது ஆறிவிட்டது. நீயும் வாராவாரம் எழுது.

ஞானம்மா

கும்மிடிப்பூண்டி
17-3-1974

மாமாவுக்கு,

நீ எழுதிய நாலு லெட்டரும் கிடைத்தது. பூ ஜோராக இருக்கிறது. கால் கல்லை விடவில்லை. வாய் மூடியே இருக்கிறது, என் வாய் மாதிரி இல்லை. ஒரு நாளும் சுருங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து நிற்கிறது. இன்னும் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நிறைய எழுது.

ஞானம்மா

மண்டபம்
23-3-1974

ஞானம்,

நல்ல பூவும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை சுருங்கும். உள்ளே இருக்கும் அழுக்குத் தண்ணீரைக் கக்கிவிட்டு மறுபடி விரியும். இதை எழுத மறந்துவிட்டேன். ஒரு மாதமாக உன் லெட்டரில் பூ சுருங்கவே இல்லை. எப்போது செத்தது?

கோபம் இல்லை. எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் நிறம் என்ன, கால் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பூ இல்லை என்றால் இவ்வளவு பெரிய தாளில் நான் எதை எழுதுவேன்? மற்றதெல்லாம் எனக்கு எழுத வராது.

ஆசீர்வாதம்

கும்மிடிப்பூண்டி
29-3-1974

மாமா,

பிப்ரவரி இருபதாம் தேதி செத்துவிட்டது. கன்னியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "தூக்கிக் கொட்டும்மே, இதுக்குப் போயி அழுவுற?" என்றாள். பூவுக்கு அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மறுபடியும் கார்டு வருமே என்று அழுதேன். அவளிடம் சொல்ல முடியுமா? தெருவே சிரிக்கும்.

இன்னொரு பூ அனுப்பாதே. தொட்டியைக் கன்னியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், கோழிக்குஞ்சு அடைக்கிறாள். நாலு நாள் தண்ணீர் மாற்ற யாரிடமாவது சொல்லிவிட்டு வா. வர முடியாது என்றால், முடியாது என்று எழுது. அதையும் இன்லண்டு நிறைய எழுது மாமா, ஒட்டுகிற ஓரம் வரைக்கும்.

ஞானம்மா