இரண்டாவது சாவி

மார்ச் 4, செவ்வாய்

ஆறு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு இருக்க வேண்டியவள், ஐந்தரைக்குப் படியிறங்கி வந்தால் காரைக் காணோம். திருட்டு இல்லை. அண்ணன்! இரண்டாவது சாவி அவனிடம் இருக்கிறது. நினைத்தால் வருவான், எடுப்பான், போவான். தாமதமாகப் போனதில், ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

சாயங்காலம் போனில் பிடித்தேன். "அவசரமா இருந்துச்சு, எடுத்தேன்." சாவியைக் கொடு என்றால் சிரிக்கிறான். "ஆயில் மாத்தறதுலேர்ந்து எல்லாத்துக்கும் மெக்கானிக்கிட்ட கொண்டுபோறது யாரு? வண்டியப் பாத்துக்கறவன்கிட்ட ஒரு சாவி இருக்கும்."

வண்டி என் பெயரில். வாங்கியது என் சம்பளத்தில். சாவி மட்டும் அவன் வீட்டு ஆணியில். இது என்ன நியாயம்?

மார்ச் 5, புதன்

அப்படியா சேதி? இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனி

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் வாங்க உதிரிபாகக் கடைக்குப் போனேன். "யாரு மாட்டப் போறாங்க?" என்றார் கடைக்காரர். நான்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒழுங்காகவே சொன்னார்: "உங்க வண்டிக்கு ஃபில்டர டப்பாவோட தூக்கிப் போடக் கூடாதும்மா. உள்ள இருக்கற காகித உருளைய மட்டும் மாத்தணும். மூடி பிளாஸ்டிக்கு. முரட்டுத்தனமா இறுக்குனா விட்டுடும்."

உருளை, அதோடு மூடிக்கு ஒரு புது ரப்பர் வளையம், மூடி மேல் குல்லாபோல் கவிழ்த்துத் திருகிக் கழற்ற ஒரு ஸ்பேனர், ஆயில்.

அண்ணியிடம் போனில் சொன்னேன்.  "கையுறை போட்டுக்கோ" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

முடித்துவிட்டேன்! வண்டியைச் சாய்வு மேடையில் ஏற்றி, பழைய ஆயிலைத் தொட்டியில் இறக்கினேன். மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "ஆள் யாரும் வரலியாம்மா?" என்றார். "வந்தாச்சே சார், நான்தான் ஆள்" என்றேன். உள்ளே போய்விட்டார்.

எஞ்சினுக்கு மேலே இருக்கிற அந்த மூடி லேசில் அசையவில்லை. போன தடவை அந்த மெக்கானிக் யார் மேல் கோபத்தில் இறுக்கினானோ! கழன்றதும் உருளையை உருவிப் போட்டேன். பழைய வளையத்தை நெம்பி எடுத்து, மூடியைப் பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கிவிட்டேன். பளபள. அதற்கப்புறம்தான் புது வளையத்தை எடுத்தால், மாட்ட இரண்டு இடம் தெரிகிறது. பழையது எதில் இருந்தது? விளிம்பை ஒட்டின இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டினேன். மூடியில் போட்டிருந்த அளவுக்கு மட்டும் இறுக்கினேன். புது ஆயில் ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. இப்போதே போய்ச் சாவி கேட்கப் போகிறேன்.

அதே நாள், சாயங்காலம்

மானம் போச்சு. அண்ணன் வீட்டில், அண்ணி அப்போதுதான் கழுவிவிட்ட தரையில், வண்டிக்கு அடியில் ஒரு தட்டு அகலத்துக்கு ஆயில்.

"பாத்தியா? இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சுக்கறேன். வண்டி இங்கயே கிடக்கட்டும். நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்றேன்."

கண்ணில் தண்ணி வந்துடுச்சு. வரட்டுமே! அழுதுகிட்டேதான் சொன்னேன் — "வண்டி என்கூடத்தான் வரும். மாட்டுனவளுக்குக் கழட்டவும் தெரியும்."

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "விளிம்பு ஓரமாவா மாட்டினீங்க? அங்க இல்லம்மா. திருகு மரைக்கு மேல ஆழமா ஒரு பள்ளம் இருக்கும், அதுல. கழட்டும்போதே எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கணும்." எங்கே பார்த்தேன்? சுத்தம் செய்கிற வேகத்தில் அடையாளத்தையே துடைத்தெறிந்தேன்.

அங்கேயே, அவன் கண்ணெதிரிலேயே, டிக்கியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து மூடியைத் திறந்தேன். அண்ணி போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டார். வளையத்துக்குச் சேதமில்லை. பள்ளத்தில் உட்காரவைத்து, ஆயில் தடவி, மூடியை இறுக்கி, ஒழுகிக் குறைந்த அளவுக்கு மிச்ச ஆயிலை ஊற்றி, ஓடவிட்டேன். அண்ணி அடியில் செய்தித்தாளை விரித்தார். காகிதம் காய்ந்தபடியே இருந்தது.

"இன்னிக்கு ஒழுகல. நாளைக்கு ஒழுகும்" என்றான் அண்ணன். சாவி வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஒழுகவில்லை.

மார்ச் 12, புதன்

ஒழுகவில்லை. காய்ந்த தரையைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறான்.  நாளைக்கும் அனுப்புவேன்.

மார்ச் 15, சனி

"படம் போதும்டி, விடு" என்றான். சாவி? "எங்க வச்சேன்னு தெரியல." புளுகன்!

மார்ச் 16, ஞாயிறு

அண்ணி பஸ் ஏறி வந்தார். கைப்பையிலிருந்து சாவி. "ஆணியிலதான் தொங்குச்சு. அவளோடத அவகிட்டக் குடுக்கப் போறேன்னு உங்கண்ணன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு வந்தேன்."

 டீ போட்டேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தபடியே கேட்டார்: "எனக்கு ஓட்டக் கத்துத் தருவியா? கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்கறேன், உனக்கெதுக்குங்கறார்."

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி மூன்று தடவை எஞ்சினை அணையவிட்டார். நான்காவது தடவை தெருமுனை வரை போனோம்.

மே 11, ஞாயிறு

போன வாரம் அண்ணிக்கு லைசென்ஸ் வந்தது. நேற்றுச் சாயங்காலமே வந்து கேட்டார்: "நாளைக்கு எங்கம்மாவப் பாக்கப் போகணும். வண்டி உனக்கு வேணுமா?" வேண்டாம் என்று சொல்லி, இரண்டாவது சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்று அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். காலையில் அவர்கள் வீட்டில் சாவி அதே ஆணியில் தொங்குவதைப் பார்த்து அண்ணன் கை நீட்டினானாம். "வேணும்னா என்கிட்டக் கேளுங்க" என்று அண்ணி எடுத்துக்கொண்டாராம்.