நீல ஐசி கிடைத்த பிறகு வருகிறேன்

மம்பாவ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் புனிதனுக்கு,

இங்கே மூட்டுவலி ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே பெர்த்தில் நீயும் மருமகளும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி ஐயா.

என்னை அங்கேயே வைத்துக்கொள்ள விசாவுக்கு மனுப் போடப் போவதாகச் சொன்னாய். 'இந்த வயசு வரைக்கும் குடியுரிமை குடுக்காம சிவப்பு ஐசியோட வெச்சிருக்கிற நாட்டுல உனக்கு என்னம்மா இருக்கு' என்று நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. நீங்கள் அங்கே தங்க அனுமதி வாங்கியவர்கள் என்பதால் பேரன் பிறந்த அன்றே அந்த நாட்டுப் பிள்ளை ஆகிவிட்டான், சந்தோஷம். நானும் இங்கே சுவா பக்கத்துத் தோட்டத்து லயத்தில்தான் பிறந்தேன், ஆனால் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு முந்திப் பிறந்துவிட்டேன், எங்கே போய் என்ன மனுப் போடுவது என்று அப்பாவுக்குச் சொல்ல ஆளில்லை. நல்லசாமி மாமா மெர்டேக்காவுக்குப் பிறகு அதே லயத்தில் பிறந்தார், அவருக்குக் குடிமக்களின் அடையாள அட்டையான நீல ஐசி. ஒரே வயிறு, ஒரே வீடு, தேர்தலுக்குத் தேர்தல் என் தம்பி ஓட்டுப் போட உள்ளே போவான், நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன்.

போன செவ்வாய்க்கிழமை குடியுரிமை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், மாமாதான் காரில் கூட்டிப் போனார். பக்கத்து நாற்காலியில் அமினா என்று ஓர் இந்தோனேசியப் பெண் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தாள். செம்பனைத் தோட்டத்தில் வேலை, பெர்மிட் முடிந்துவிட்டது, பிள்ளை போர்ட் டிக்சனில் பிறந்தும் பிறப்பைப் பதிய முடியவில்லை, தகப்பன் போன இடம் தெரியவில்லை. மாமா என் காதில், 'இதுகளுக்கெல்லாம் குடுத்தா நமக்கு எங்க லா கிடைக்கும்' என்றார். எனக்குச் சுருக்கென்றது. 'நான் இங்க பொறந்தேன்னு சொல்லத்தானே உள்ள போறேன், அந்தப் புள்ளையும் இங்கதான பொறந்துச்சு, வாய் ரெண்டு வெச்சிக்கவா' என்று கேட்டுவிட்டேன். அவரும் விடவில்லை, 'யார் வேணும்னாலும் வரலாம்னா நாடு தாங்குமாக்கா' என்றார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, யார் வரலாம் என்று நாடு சட்டம் போடட்டும். ஆனால் அந்தக் குழந்தை எங்கிருந்தும் வரவில்லையே ஐயா.

உள்ளே அதிகாரி சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். மலாயில் கேட்டாள், மலாயிலேயே பதில் சொன்னேன். 'மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாரே மக்சிக், நீங்கள் அங்கே போய்விடலாமே' என்றாள். 'போவேன், பேரனைப் பார்ப்பேன், பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன், என் வீடு இங்கே' என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். முடிவு எப்போது என்று சொல்லவில்லை. முன்பு இரண்டு தடவை காரணம் சொல்லாமலே இல்லை என்றார்கள், இந்தத் தடவையும் அப்படியே ஆகலாம். ஆனால் மறுபடியும் மனுப் போடுவேன், எனக்கு வெட்கமில்லை.

அதனால் நீ விசா வேலையை நிறுத்து. பேரனின் முதல் பிறந்தநாளுக்கு நான் இல்லை என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை, என்றாலும் எனக்குப் போக இடமில்லை என்று வரமாட்டேன், நீல ஐசி கிடைத்ததும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு விருந்தாளியாக வருவேன். அமினாவின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் வக்கீலம்மா ஒருவர் சிரம்பானில் இருக்கிறாராம், வருகிற வியாழக்கிழமை அவளைக் கூட்டிப் போகிறேன். நேற்று மாமா வந்து, 'பஸ்ஸுல கைப்புள்ளையோட எப்படிப் போவீங்க, நான் வரேன்' என்றார். குழந்தையைப் போர்த்த அத்தை துவைத்து வைத்த கைலி ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். பேரனின் பிறப்புப் பத்திரத்தைக் கண்ட இடத்தில் போடாமல் பூட்டி வை ஐயா.

இப்படிக்கு,
உன் அம்மா
மயிலம்மாள்