மூடி போட்ட அண்டா

அக்கா,

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து புதினா வாசனை போகவில்லை. காலையில் ஆய்ந்தது, நகக்கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆத்தூர் அணைக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினோம். ஆமாம், போனோம். நீங்கள் இல்லாமல்தான் போனோம். கோபம் வந்தால் வரட்டும்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "அவுகளே இல்ல, இந்த வருசம் என்னத்த பிக்னிக்கு?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களைக் கபர்ஸ்தானில் வைத்துவிட்டு வந்தோம், சரி. நீங்கள் ஆரம்பித்ததையும் சேர்த்தா புதைக்க வேண்டும்? ஒரு வருஷம் விட்டால் அடுத்த வருஷம் ஒருத்தியும் கிளம்ப மாட்டாள். "யாரு வந்தாலும் வராட்டியும் நான் போவேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

முதல் தடவை போனது நினைவிருக்கிறதா? நாகல் நகரில் நம் தெருவே சேர்ந்து முழுப்பரீட்சை லீவுக்கு வேன் பேசியது. மளிகைக்கடைக்காரம்மாதான் ஏற்பாடு. வேனுக்கும், கடையில் சொல்லிவைத்த பிரியாணிக்கும் முன்கூட்டியே காசு கொடுத்தால்தான் இடம். என் வீட்டுக்காரர் ஆட்டோ கவிழ்ந்து காலில் கட்டோடு படுத்திருந்தார். உங்கள் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை இல்லை. வேன் கிளம்பிப் போனபோது என் மகள் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஏழு வயது அவளுக்கு.

எதிர் வாசலிலிருந்து நீங்கள் அதட்டினீர்கள். "ஏ புள்ள, அழுகைய நிப்பாட்டு. அணை என்ன அவுக வீட்டுக் கொல்லையா? சித்தையன்கோட்டை பஸ்ஸு போகுதுல்ல?"

பிரியாணிக் கடையில் வெங்காயமும் பூண்டும் உரிக்கப் போகிறவர் நீங்கள். அங்கே சீரகச் சம்பாவைச் சலிக்கும்போது விழுகிற குருணையை மலிவாக வாங்கி வைத்திருந்தீர்கள். கறிக்கு வழியில்லை, குஸ்கா போதும் என்று அடுப்பைப் பற்றவைத்தீர்கள். வீறாப்பில் ஒன்றை மறந்துபோனீர்கள். முழு அரிசிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் குருணைக்கு ஊற்றிவிட்டீர்கள். மூடியைத் திறந்தால் குஸ்கா குழைந்து களியாகக் கிடந்தது. திண்டுக்கல்காரி குஸ்காவைக் குழைத்தாள் என்று வெளியே சொல்ல முடியுமா? நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் அசரவில்லை. இரண்டு செம்பு தண்ணீரையும் அரைமூடித் தேங்காய்ப் பாலையும் ஊற்றிக் கிண்டினீர்கள்.

"இது நோன்புக் கஞ்சி. நான் மொதல்லயே இதத்தான் வைக்க நெனச்சேன். யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு" என்றீர்கள்.

தூக்குவாளியில் கஞ்சி தளும்பத் தளும்ப பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அணையில் வேனில் வந்தவர்கள் புளியமர நிழலில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடைக்காரம்மா நம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிக்னிக்குக்கு யாராச்சும் கஞ்சி தூக்கிட்டு வருவாகளா?"

"நாங்க வருவோம்" என்றீர்கள்.

அந்த அம்மாவுக்கு மனது கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு பொட்டலத்தை நீட்டினார். "மிச்சந்தான் கெடக்கு. பிள்ளைகளுக்குக் குடுங்க."

"குடுங்க. நீங்களும் ஆளுக்கு ஒரு தம்ளர் கஞ்சி வாங்கிக்கிறணும்."

"ஐயய்யோ, எங்களுக்கு வேணாம்."

"அப்ப எங்களுக்கும் வேணாம்."

என் மகள் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். திரும்புகிற பஸ்ஸில் உங்களோடு பேசவே இல்லை. இறங்கும்போது நீங்களாகத்தான் சொன்னீர்கள். "பசிச்சு வாங்கித் தின்னா தப்பில்லடி. பாவம் பாத்துக் குடுத்தத வாங்கித் தின்னா அடுத்த வாட்டி தலை தானா குனியும்." அன்றைக்கு அது எனக்கு ஏறவில்லை. குழந்தையின் முகம்தான் கண்ணில் நின்றது.

அடுத்த வருஷம் முதல் நாள் சாயங்காலமே உங்கள் வாசலில் பெரிய அண்டாவை வைத்து மூடி போட்டீர்கள். பதினோரு வீட்டுக்கும் ஒரே சட்டம். "வீட்ல என்ன இருக்கோ அதப் போடுங்க. எவ என்ன போட்டான்னு எவளும் பாக்கக் கூடாது." தக்காளி சீரழிந்து கிடந்த வருஷம் தக்காளிச் சோறு. தேங்காய் வந்த வருஷம் தேங்காய்ச் சோறு. எது வந்தாலும் அதை வைத்து ஆக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். சைவம் சாப்பிடுகிற வீடும் இருந்ததால் கறி மட்டும் கிடையாது. மீந்துபோகிற அளவுக்கு ஆக்குவீர்கள். அம்புட்டும் அந்த அண்டாவிலிருந்துதான் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

நேற்று உங்கள் மருமகளிடம் அந்த அண்டாவைக் கேட்டு வாங்கி என் வாசலில் வைத்தேன். உள்ளே துணி தைத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். இருட்டுவதற்குள் மூடிச் சத்தம் எட்டு ஒன்பது தடவை கேட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலையில் திறந்து பார்க்கிறேன், மூன்று கட்டுப் புதினாவும் ஒரு கை பூண்டும் கிடக்கின்றன. அவ்வளவுதான். ஒரு மணி அரிசி இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகள் பின்னால் வந்து நின்றாள். இப்போது அவள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், கையில் சம்பளம் இருக்கிறது. "விடும்மா. எல்லாருக்கும் நானே பிரியாணி சொல்லிர்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அவள் வாங்கிப் போட்டால் மற்றவர்கள் நம் வீட்டு விருந்தாளி ஆகிவிடுவார்கள். இந்த வருஷம் தின்றவள் அடுத்த வருஷம் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொள்வாள். நீங்கள் பஸ்ஸில் சொன்னது இத்தனை வருஷம் கழித்து, அடுப்படியில் வைத்து எனக்கு விளங்கியது.

"ஒண்ணும் வேணாம். வெங்காயத்த எடுத்து உரி" என்றேன். டிரம்மில் இருந்த எங்கள் வீட்டு அரிசியை அளந்தேன். அந்தப் புதினா மொத்தத்தையும் போட்டுப் புதினாச் சோறு ஆக்கினேன். உதிரி உதிரியாக வந்தது, உங்களைப் போலக் குழைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் போய்ப் பார்த்தால் உங்கள் வீடும் என் வீடும் போக மற்ற ஒன்பது வீடும் பிள்ளைகுட்டியோடு நிற்கிறது! பஸ் தெருமுக்கில் திரும்பி வருகிற நேரத்தில், மூன்று வீடு தள்ளிப் பூக் கட்டுகிறாளே, அவள் என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, ஒங்ககிட்டச் சொல்லிர்றேன். நான் ஒரு வருசமும் அண்டாவுல ஒண்ணும் போட்டதில்ல. வெறுங்கையோட வருவேன். சத்தம் கேக்கட்டும்னு மூடியத் தூக்கி வச்சுட்டுப் போயிருவேன். நேத்தும் அப்பிடித்தான். அவுகளுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்ல."

இவள் ஒருத்தி மட்டுமா இருந்திருப்பாள்? வருஷா வருஷம் விடிகாலையில் நீங்கள் தனியாக அந்த மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். பூண்டு உரித்துத் தோல் வெடித்த கையால் உங்கள் வீட்டு அரிசியை அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். எதிர் வீட்டில் இருந்த என்னிடம்கூட மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் பாதியை நான் போட்டிருக்க மாட்டேனா? எனக்கு உங்கள் மேல் கோபம் அக்கா. இன்னும் ஆறவில்லை.

பஸ் வந்து நின்றது. அவள் என் கையை விடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் போடலையா? போடி கிறுக்கி. அண்டா வழிய வழியக் கெடந்துச்சு, நான்தான் அள்ள மாட்டாம அள்ளுனேன். ஏறு, எடம் போயிரும்" என்றேன்.

கூசாமல் சொன்னேன் அக்கா. அடுத்த வருஷமும் சொல்வேன்.